குறைகள் என்ற கட்டம்

“டீச்சர், ஒங்களுக்குமா இது தெரியாது?”

முன் பெஞ்சுச் சிறுமி திரும்பிப் பார்த்துக் கேட்டாள். வகுப்பே சிரித்தது.

பதினொரு வருடத்துக்கு முன்னால், இலுப்பூர்ப் பக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் வெற்றிசெல்வன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. அவன் பாடம் நடத்துவதைப் பார்த்துப் படிவம் நிரப்ப அமராவதி டீச்சர் வந்திருந்தார். பாதியில் அவனுக்கு அடுத்த வரி மறந்துபோனது. கடைசி பெஞ்சிலிருந்து டீச்சர் கையைத் தூக்கி, “சார், கடல் தண்ணி உப்பு. மழை மட்டும் ஏன் கரிக்கல?” என்றார்.

கேலி செய்கிறார் என்று அவனுக்குக் கோபம். அந்தக் கோபத்திலேயே பாடம் ஓடி முடிந்தது. படிவத்தைப் படித்த பிறகுதான் தலை குனிந்தான்.

இன்று அதே கடைசி பெஞ்சில் அவன். கரும்பலகை முன்னால் அமராவதி டீச்சர், நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்றோடு.

“டீச்சர் இப்பல்லாம் பாடத்துல பாதியிலயே நின்னுடுறாங்களாம். நீங்க படிவத்துல எழுதுறத வச்சுத்தான் எட்டாவத அவங்ககிட்டயே விடுறதா வேணாமான்னு பாக்கணும்” என்று காலையில் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

டீச்சரின் வீட்டுக்காரர் இறந்துபோய் இரண்டு மாதம். வீட்டில் பேச ஆளில்லை. ஒரு நாளின் பேச்சு முழுவதும் இந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான்.

“இதயத்துக்கு நாலு அறை. மேல ரெண்டு…”

சாக்பீஸ் நின்றது.

டீச்சரின் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் சாய்ந்தார். அது வெற்றிசெல்வனுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு மூலையில் கிசுகிசுப்பு கிளம்பியது.

முருகா, அடுத்த வார்த்தையை அவங்களுக்குக் குடு என்று வேண்டிக்கொண்டான்.

கையைத் தூக்கினான்.

“டீச்சர், இதயம் இங்கிட்டா, அங்கிட்டா?” என்று வலது மார்பைத் தொட்டுக் காட்டினான்.

“சாருக்கு ஹார்ட்டே எடம் மாறிப்போச்சுடா!”

சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்தார்.

“இங்கிட்டு சார். நல்லா பாத்துக்கங்க. மேல ரெண்டு, கீழ ரெண்டு.”

மணி அடிக்கும்வரை பாடம் நிற்கவில்லை.

எல்லோரும் போனபின் காலி வகுப்பில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினான். ‘குறைகள்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் தன் படிவத்தில் டீச்சர் எழுதியிருந்த வரி மனப்பாடமாகவே இருந்தது.

‘பாடத்தில் குறை இல்லை. பார்வையிட வந்தவர்தான் நடுவில் தேவையில்லாத கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தார்.’

அதையே எழுதி, கீழே பார்வையிட்டவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தெளிவாகப் போட்டான்.