இம்மியும் அசையாத முள்

தூண்டில் கடையின் கண்ணாடி மேசைமேல் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. மீனை ஏமாற்றும் இறகுப் பூச்சி கட்டும்போது தூண்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கிற என் பழைய வைஸை மேசை விளிம்பில் திருகி மாட்டியிருக்கிறேன். பூச்சி கட்டக் கற்கும் மாலை வகுப்பில் எனக்கு மட்டும்தான் முள் நழுவுகிறது. கைதான் சரியில்லை என்றால் புதிது வாங்கி என்ன பயன், வகுப்பையே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறேன். "தள்ளு, நான் பாக்கறேன்" என்று, கூட வந்திருக்கும் தையல் கடை நடத்தும் அக்கா நூலைச் சுற்றுகிறாள். மூன்றாவது சுற்றில் அவளுக்கும் முள் தலைகுப்புறச் சாய்கிறது. "இது பல்லு போன கிழம்டி. இதை வச்சுக்கிட்டா உன் கையைத் திட்டிக்கிட்டிருந்தே?" எனக்கு இப்போதுதான் மூச்சே சீராகிறது. கடைக்காரர் பளபளக்கும் சுழல் வைஸை எங்கள் பக்கம் நகர்த்துகிறார். விலைச்சீட்டைப் பார்த்து அக்கா புருவத்தை உயர்த்த, "அப்ப இது போதும்மா. சுத்தாது, ஆனா விடாது" என்று பக்கத்திலிருக்கும் சின்னதை மாட்டுகிறார். அதே முள்ளை வைத்துப் பிடியை அழுத்துகிறேன். நூலைச் சுற்றி இழுக்கிறேன், இன்னும் இழுக்கிறேன். நூல் பட்டென்று அறுகிறது. "நூலையும் அறுத்தாச்சா?" என்கிறாள் அக்கா. நான் முள்ளையே பார்க்கிறேன். அதன் வளைவில் வெயில் மினுங்குகிறது. முள் இம்மியும் அசையவில்லை.