டாக்டர் ஸ்ரீபால் பேசமாட்டார்

“வைத்தியத்தைக் கெடுத்ததே பேச்சுதான்,” என்றார் டாக்டர் ஸ்ரீபால். “நோயைக் கண்ணு பார்க்கணும், கை பார்க்கணும். வாய்க்கு அங்க வேலையே இல்ல. இருபது வருஷமா நான் ஒரு பேஷன்ட்கிட்டயும் பேசினதில்ல. யாராவது வாயைத் திறந்து குறை சொல்லியிருக்காங்களா?”

“அவங்க எங்கங்க சொல்லப் போறாங்க,” என்றாள் அவர் மனைவி தீக்ஷா. “சட்டையக் கழட்டுங்க.”

கழற்ற முடியவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பிப் பல வாரங்கள் ஆகின்றன. மாத்திரை, தைலம், ஒத்தடம் எல்லாம் தோற்ற பிறகு, தீக்ஷாதான் அவரை வேங்கிக்காலிலிருந்து செங்கம் ரோட்டுக்கு இழுத்து வந்திருந்தாள். ரமணாசிரமம் தாண்டி, ஒரு காபிக் கடைக்கு மேல் மாடியில் அக்குபஞ்சர் கிளினிக். அந்தக் கை எழாவிட்டால் அவருக்குத் தொழிலே இல்லை.

அக்குபஞ்சர் டாக்டர் ஆஃப்ஷீன் ஊசியை எடுக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“எப்படி சார் வந்துச்சு?”

“ஒரு பிரசவம். குறுக்கே திரும்பிக் கிடந்துச்சு. இழுத்த இழுப்புல தோள் போச்சு. தாயும் சேயும் நலம். நான்தான் நலமில்ல.”

“அய்யோ! ராத்திரியில தூக்கம் வருதா?”

“ஊசி போட்டுக்க வந்தேன். பேட்டி குடுக்க வரல.”

ஆஃப்ஷீன் சிரித்தார். “வலியை விட கோவம் ஜாஸ்தியா இருக்கும் போல. சரி, இதுல என்ன எதிர்பார்க்கறீங்க?”

“ஒன்னும் எதிர்பார்க்கல.”

“நானும் முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன் சார். சில பேருக்குக் கம்மியாகுது, சில பேருக்கு ஆகறதில்ல. கை எழும்பினா முதல்ல என்ன செய்வீங்க?”

ஸ்ரீபால் இடது கையால் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

“தலை சீவுவேன். இப்ப இவதான் சீவி விடறா. வகிடு கோணலா போகுது.”

“கோணலாவா போகுது?” என்றாள் தீக்ஷா.

அதற்குப் பிறகுதான் ஊசி. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே குத்தினார் ஆஃப்ஷீன். “இங்க ஒன்னு வைக்கறேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் கனமா ஆகும், பயப்படாதீங்க. வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடறேன்.”

“கிரிக்கெட் கமெண்ட்ரி,” என்று முணுமுணுத்தவர் பாதியில் குறட்டை விட்டார்.

சில முறை வந்துபோன பின், ஒரு நாள் தானே தலை சீவிக்கொண்டு வந்தார். வகிடு இப்போதும் கோணல்தான்.

“ரொம்ப நன்றிம்மா,” என்றார். “ஒரு சந்தேகம். என்னைக் குணப்படுத்தினது ஊசியா, உங்க பேச்சா?”

“தெரியல சார். ரெண்டையும் தனித்தனியா குடுத்துப் பார்க்க எனக்கு மனசு வரல.”

“ஊசிதான். சந்தேகமே வேணாம்,” என்று அடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, படியிறங்கும் முன் திரும்பி நின்று, மலையைக் கும்பிடுவதுபோல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆஃப்ஷீனைக் கும்பிட்டார்.

மறுநாள் காலை அடி அண்ணாமலை கிராமத்தில் வேடியப்பன் தன் வீட்டு வாசலிலேயே டாக்டர் ஸ்ரீபாலுக்காகக் காத்திருந்தார்.

“நம்ம கவிநிலாவுக்கு நேத்துல இருந்து ஒன்னும் இறங்கல சார். ஜுரம் கொதிக்குது. ஆனா உங்களைப் பார்த்தாலே மிரள்றா.”

“கொஞ்சம் சுடுதண்ணி கொண்டு வாப்பா,” என்று அவரை உள்ளே அனுப்பினார் ஸ்ரீபால். யாரும் பார்க்கவில்லை என்று சுற்றிலும் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு கவிநிலாவின் பக்கத்தில் போய், நெற்றியைத் தடவிக் கொடுத்து, ரகசியம்போல் கேட்டார்:

“எப்பலேருந்தும்மா முடியல? ராத்திரி தூங்கினியா? ஒரே ஒரு ஊசி. சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான். வேணாம்னா சொல்லிடு.”

கவிநிலா இரண்டு காதுகளையும் அவர் பக்கம் திருப்பினாள்; பிறகு முதல் முறையாக அவரை முட்டாமல், உதைக்காமல், வாலை மட்டும் மெதுவாக ஆட்டினாள்.