டிரான்ஸ்பர் இல்லாத கப்பல்

“நேவி கப்பல்ல வேலைன்னா பாதி வருஷம் நடுக்கடல்லன்னா இருப்பேள்?”

பெண் பார்க்க வந்த ரகுநந்தனிடம் திருநாராயணன் வீசிய முதல் கேள்வி இது. ஒரகடம் கம்பெனியொன்றில் எச்.ஆர். மேனேஜர் அவர். கத்திரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல ஆளை அழுத்திப் பார்த்துவிடுவார். சொத்தை எதுவும் இதுவரை தப்பியதில்லை. வரனைக் கொண்டுவந்தது மகள் மேதாவின் சினேகிதிதான் என்றாலும், ஒரு பதில் இடறினால் போதும், காப்பியோடு அனுப்பிவிடுவார்.

“இல்லே மாமா. சாயங்காலமே பாண்டிச்சேரி ஆத்துக்கு வந்துடுவேன்.”

“டிரான்ஸ்பர்?”

“ரோந்துக் கப்பல்தான். ஆனா இப்ப இருக்கற எடத்தை விட்டு நகராது.”

ஆபீஸ் டியூட்டி! மனசுக்குள் டிக் அடித்தார்.

“யுத்தம் கித்தம் வந்தா?”

“கூப்பிட மாட்டா. பீரங்கியெல்லாம் கழட்டியாச்சு.”

“சிகரெட்?”

“பழக்கமில்லே. அங்கே பத்த வச்சாலும் பத்தாது.”

“பேஷ், அவ்வளவு ஸ்ட்ரிக்டா! கூட இருக்கறவா எப்படி?”

“பரம சாது. வாயைத் திறப்பா, ஒரு வார்த்தை பேச மாட்டா.”

யூனியன் இல்லாத இடம்! திருநாராயணனுக்குப் பொறாமையே வந்துவிட்டது. இனி தன் பக்கத்துப் பெருமையையும் சொல்லியாக வேண்டுமே. காப்பியோடு வந்த மகளைக் காட்டினார்.

“மேதாவும் உழைப்பாளி. இங்கே ஸ்ரீபெரும்புதூர் பேக்டரில இன்ஜினியர். ஞாயித்துக்கிழமைகூட ஓ.டி.! விடிகாலைல பஸ் ஏறினா ராத்திரிதான் வருவா. பாருங்கோ, எப்படிக் கறுத்துட்டா!”

ரகுநந்தன் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடினான்.

“எனக்குப் பரம திருப்தி” என்றார் திருநாராயணன். “நிச்சயத்துக்கு முன்னாடி கப்பலை மட்டும் ஒரு நடை பார்த்துடறேன்.”

“தாராளமா. மாமாவுக்கு நீச்சல் தெரியுமோ?”

“கப்பல் பார்க்க நீச்சல் எதுக்கு?”

“ரிட்டயர் ஆன கப்பல் மாமா. டைவிங் பண்றவாளுக்காகவே மூழ்கடிச்சாச்சு. நூறடி ஆழத்துல கிடக்கு. சிலிண்டர் கட்டிண்டு குதிக்கறவாளைக் கூட்டிண்டு போய்ச் சுத்திக் காட்டறதுதான் என் வேலை. கூட இருக்கறதெல்லாம் மீன்.”

திருநாராயணன் டவராவை டொக்கென்று கீழே வைத்தார். “மூழ்கின கப்பலுக்கா என் பொண்ணைக் கேட்டு வந்தேள்?”

“பயப்படாதீங்கோப்பா, பத்திரமான கப்பல்தான்” என்றாள் மேதா. “என் ஞாயித்துக்கிழமை ஓ.டி. எல்லாம் அதுக்குள்ளதானே!”