அடுத்த வீட்டுப் புகை

"ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறணும்னு ஓட்டுப் போட்டீங்களே வில்ஃப், வந்து பாருங்க உங்க வெற்றியை!"

இங்கிலாந்தின் தெட்ஃபோர்ட் நூலகத்தில் உரக்கப் பேசக் கூடாது. ஆயினும் ரோசலிண்ட் அம்மையார் பேசினார். அவருடைய மேலங்கியில் குத்திய ஐரோப்பிய ஒன்றியச் சின்னத்தின் நீல வட்டமும் மஞ்சள் நட்சத்திரங்களும் மின்னின.

வாசலில் நின்றவர் வில்ஃப் பன்னெட், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். சட்டையில் 'வெளியேறு' என்ற சின்னம், கக்கத்தில் தடித்த கோப்பு ஒன்று.

"பார்த்தேன், பார்த்தேன். இன்னொரு வாக்கெடுப்பு வச்சாலும் அதேதான் போடுவேன். ஐரோப்பா வேண்டாம்னா வேண்டாம்."

"மூணு வருஷமா பவுண்டு சரியுது. பறிக்க ஆளில்லாம ஸ்ட்ராபெரி அழுகுது. இங்கயே வாழ்ந்தவங்க, வாழ்ந்ததை நிரூபிக்க வரிசையில நிக்கறாங்க!"

"எங்க அப்பா காலத்துல நாமதான் பறிச்சோம்."

"உங்க முதுகு கடைசியா வளைஞ்சது எப்போ?"

வரிசை சிரித்தது.

"உங்க முதுகு வளைஞ்சதே இல்லையே, அம்மணி! வீடு பெருக்கக்கூட ஆள் வச்சிருக்கீங்க."

வரிசை இன்னும் பலமாகச் சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். என் மேசை முன் அமர்ந்திருந்த தியோலிந்தா. போர்ச்சுகலிலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகள். வில்ஃபின் அடுத்த வீட்டுக்காரர். நான், ஐரோப்பியர்கள் இங்கே தொடர்ந்து வாழ்வதற்கான விண்ணப்பத்தை நிரப்பித் தரும் தொண்டன்.

"தொடர்ந்து அஞ்சு வருஷம் இங்க இருந்ததுக்கு ஆதாரம் வேணும்மா. நாலு வருஷத்துக்கு இருக்கு. 2016-க்கு ஒண்ணுமே இல்லையே?"

"அந்த மே மாசம்தான் என் அர்மிந்தோ போயிட்டாரு. வாடகை, மின்சாரம் எல்லாம் அவர் பேர்ல. நானும் அதுக்கு முந்தின வருஷமே கோழி ஆலை வேலையை விட்டுட்டேன்."

"அந்த வருஷத்துல ஆறு மாசத்தையாவது காட்டணும். இல்லேன்னா நிரந்தர உரிமை கிடைக்காது. தற்காலிகமாத்தான் தருவாங்க."

அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவரை இந்த ஊர்லதான் புதைச்சிருக்கேன். நான் எங்க போவேன்?"

பிறகு மெல்லத் திரும்பினார். "ரோசலிண்ட் அம்மா, அப்போ உங்க வீட்டுலதானே வேலை செஞ்சேன்? ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா போதும்."

அம்மையாரின் குரல் அன்று முதன்முறையாக நூலகத்துக்கு ஏற்ற அளவுக்கு இறங்கியது.

"அது கையில குடுத்த காசும்மா. எழுத்துல போட்டா வரி ஆபீஸ்காரன் கேள்வி கேப்பான். ஆனா உனக்காக, வெளியேறக் கூடாதுன்னு நடக்கற ஊர்வலத்துல நிச்சயமா நடப்பேன்."

அப்போதுதான் வில்ஃப் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். கோப்பு என் மேசைமேல் தொப்பென்று விழுந்தது.

"இந்தாங்க. இந்தம்மா மேல நான் நகர மன்றத்துக்கு எழுதின புகார்கள். பன்னிரண்டு வருஷத்தது. மன்றத்துக்காரங்க போட்ட பதில்களும் இருக்கு."

"பாத்தீங்களா!" என்றார் ரோசலிண்ட். "துரத்தறதுக்குக் கோப்போட வந்திருக்கார் மனுஷன்!"

"இன்னிக்குமா, சென்யோர் வில்ஃப்?" என்றார் தியோலிந்தா.

எனக்கும் கோபம் மூண்டது. சட்டையில் குத்திய சின்னத்தைக் கொண்டு ஒருவரை அளப்பது, உறையைப் பார்த்துக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு ஒப்பாகும். வாசகரே, அன்று நான் அதைத்தான் செய்தேன், நீங்கள் செய்யாதிருங்கள்.

கோப்பைத் திறந்தேன். 2014 ஜூன்: "அடுத்த வீட்டில் மத்தி மீன் சுடுகிறார்கள். என் சலவைத் துணியெல்லாம் நாற்றம்." 2015 மார்ச்: "அடுத்த வீட்டு ரேடியோ அலறுகிறது. அதுவும் புரியாத மொழியில்."

ஒவ்வொன்றுக்கும் மன்றத்தின் பதில் பின்னால் கோக்கப்பட்டிருந்தது. அதில் தியோலிந்தாவின் பெயரும் வீட்டு எண்ணும்.

"பேர், விலாசம், தேதி, முத்திரை. வேற என்ன வேணும்?" என்றார் வில்ஃப். "விடாம என் தூக்கத்தைக் கெடுத்திருக்கா. இவ இங்க இருந்ததுக்கு என்னைவிட நல்ல சாட்சி யாரு?"

நான் 2016-ஐத் தேடிப் புரட்டினேன். வில்ஃபின் கை குறுக்கே வந்தது.

"படிக்கவெல்லாம் வேண்டாம்ப்பா. நகல் மட்டும் எடு."

"படிங்க," என்றார் தியோலிந்தா. "அந்த வருஷம் நான் மீனே சுடலையே. என்ன எழுதினார்?"

தேதி ஜூன் 24. வாக்கெடுப்புக்கு மறுநாள், போர்ச்சுகல்காரர்கள் மத்தி மீன் சுட்டுக் கொண்டாடும் யோவான் திருநாள். படித்தேன்.

"ஐயா, ஆண்டுதோறும் இந்நாளில் அடுத்த வீட்டிலிருந்து மீன் புகை வரும். இவ்வாண்டு வரவில்லை. அந்த அம்மையார் வேலைக்குப் போய் வருகிறார். ஆனால் அடுப்பு எரிவதாகத் தெரியவில்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே நீங்கள் ஆளனுப்பிக் கவனிக்கவும்."

ஜூலை: "ரேடியோச் சத்தம் இல்லை. கவனிக்கவும்." ஆகஸ்ட்: "இரவில் விளக்கெரியவில்லை. சென்ற செவ்வாயன்று உங்கள் ஊழியர் வரவும் இல்லை. இது என்ன நிர்வாகம்?" செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என மாதத்துக்கு ஒன்று.

"அப்போ, செவ்வாய்தோறும் சூப்பு கொண்டுவந்த மன்றத்துப் பொண்ணு..." தியோலிந்தா வில்ஃபைத் திரும்பிப் பார்த்தார்.

"புகார்தான் அது," என்றார் வில்ஃப், சன்னலைப் பார்த்து. "வேற ஒண்ணுமில்ல."

ரோசலிண்ட் அம்மையார் அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

அவ்வாண்டின் கடைசிக் கடிதம் டிசம்பர் 19-ஆம் தேதியது:

"ஐயா, அடுத்த வீட்டு ரேடியோ நேற்றிரவு மறுபடியும் அலறத் தொடங்கிவிட்டது. இனி நடவடிக்கை எதுவும் தேவையில்லை. நன்றி."