நூற்றிருபது கிலோ புகை

போட்டுக் கொடுத்தது நான்தான். அன்றைக்கு எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

பின்னே என்ன? எங்கள் ஆபீஸில் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்யும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சையம்மா. பிளாஸ்டிக் பாட்டில் உள்ளே வரக் கூடாது, அவரவர் டம்ளரை அவரவர் கொண்டு வர வேண்டும். ஏசி கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். போன மாதம் நான் ஒரே ஒரு தாள் பிரிண்ட் எடுத்ததற்கு, "தம்பி, மரம் உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று அத்தனை பேர் எதிரிலும் என் மானத்தை வாங்கினார்.

அன்று மூன்று மணிக்கு எல்லாக் கிளைகளுக்குமான வருடாந்தரக் கூட்டம். யாரும் பயணம் செய்ய வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே திரையில் வந்தால் போதும் என்பது மேனேஜரின் உத்தரவு. ஒவ்வொரு கூட்டத்தாலும் எத்தனை கிலோ கரிப்புகை காற்றில் கலக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவோம். இந்தத் தடவை பயணத்துக்கு நேரே பூஜ்யம் வந்தால் அக்காவுக்கு வேலை நிரந்தரம். அந்தக் கடிதத்துக்காக ரெண்டு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார், பாவம்.

திரைகளை இணைப்பது என் வேலை. காலை பத்து மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன்.

'மலைக் கிளை. வாடகைக் கார். போக வர எண்ணூறு கிலோமீட்டர். புகை நூற்றிருபது கிலோ. பயணிகள்: கிளைப் பொறுப்பாளர், அவர் மனைவி.'

அக்காவே போட்ட பதிவு! மலைக் கிளைப் பொறுப்பாளரை நாங்கள் மலையண்ணன் என்போம். இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் வருவது போதாதென்று பொண்டாட்டி வேறயா?

அடுத்த நிமிடம் நான் மேனேஜர் அறையில் இருந்தேன். அதற்கடுத்த நிமிடம் அக்காவும் இருந்தார்.

"என்னம்மா இது?"

"கார் சார்."

"அது எனக்கும் தெரியுது. நேர்ல யாரும் வரக் கூடாதுன்னுதானே இவ்வளவு ஏற்பாடும்? இந்த ஆளுக்கு மட்டும் என்ன ராஜ உபசாரம்?"

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பொண்டாட்டியோட ஊர் சுத்திப் பார்க்க வர்றாரா? உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை சார்."

"வண்டி இப்போ எங்கே?"

"விடிகாலையிலேயே கிளம்பிட்டாங்க. பாதி தூரம் வந்திருப்பாங்க."

"திருப்பி அனுப்புங்க. மூணு மணிக்கு அவர் கிளையில உட்கார்ந்து திரையில வரட்டும்."

"மாட்டேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆபீஸில் மேனேஜரிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேனேஜர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "உங்க நிரந்தரக் கடிதம். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கிழிச்சிடுவேன்."

அக்கா அந்தத் தாளை ஒரு தடவை பார்த்தார். குரல் நடுங்கவில்லை.

"உங்க இஷ்டம் சார். ஆனா அவர் நேர்லதான் வரணும்."

கிழித்தே விட்டார் மனுஷன். நாலு துண்டு. அக்கா குனிந்து அவற்றைப் பொறுக்கி, பழைய தாள் போடும் கூடையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

'நல்லா வேணும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டரை மணிக்குக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் என் போனுக்கு வந்தது. 'யாரிடமும் மூச்சு விடாதே' என்று மேனேஜர் தனியாக எழுதியிருந்தார். ஆறு விஷயங்கள் எப்போதும் பேசுவதுதான். ஏழாவதில் என் கண் நின்றுவிட்டது.

'மலைக் கிளை இன்றோடு மூடப்படுகிறது. பொறுப்பாளர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அறிவிக்க இரண்டு நிமிடம். அறிவித்ததும் மலைக் கிளையின் இணைப்பை உடனே துண்டிக்கவும்.'

துண்டிக்க வேண்டியவன் நான். அவர் ஒரு கேள்வி கேட்பதற்குள், ஒரு பொத்தானைத் தட்டி, ஆளைக் காணாமல் அடித்துவிட வேண்டும். பசுமையாம், பெரிய பசுமை!

கீழே, போன வாரத் தேதியோடு, தட்டச்சு செய்தவர் என்று அக்காவின் பெயர் இருந்தது.

கூட்ட அறைக்கு ஓடினேன். மேனேஜரின் நாற்காலிக்கு நேர் எதிரே அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒட்டினாற்போல் இன்னொன்று.

"அக்கா... எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மன்னிச்சிடுங்க."

"விடுடா. இருபத்தாறு வருஷம் உழைச்ச மனுஷன். போன்னு சொல்றவங்க அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சரிக்கா, அண்ணியையும் எதுக்கு வரச் சொன்னீங்க?"

"திரும்பிப் போறப்போ நானூறு கிலோமீட்டர்டா தம்பி. அவ்வளவு தூரம் அவர் தனியாப் போகக் கூடாது."