ஆசிரியர்கள் பக்கம்

அது 2003ஆ, அடுத்த வருடமா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. விசிறி ஓடியதா என்பதுகூட நினைவில்லை. ஆசிரியர் அறையின் கம்பி போட்ட ஜன்னலில் அண்ணாமலை மலையின் ஒரு துண்டு மட்டும் தெரிகிறது. கம்ப்யூட்டர் டீச்சர் உண்ணாமலை பள்ளிக்கு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறாள். சேர்ந்த அன்று தாளாளர் அப்பாதுரை வாங்கிப் பூட்டிவைத்த அசல் சான்றிதழ்களைத் திங்கட்கிழமை காட்டினால்தான் அவளுக்குச் சென்னையில் வேலை. "முடிச்சிட்டேன் சார். சர்ட்டிபிகேட் குடுத்தீங்கன்னா..." என்கிறாள். அவர் குனிந்து திரையைப் பார்க்கிறார். ஆசிரியர்கள் பக்கத்தில் பதினொரு முகங்கள், அவளுடையது இல்லை. "உன் போட்டோ எங்கம்மா? மொதல்ல அதப் போடு. கம்ப்யூட்டருக்கு டீச்சர் இருக்காங்கன்னு பாத்தாதான் புள்ளைங்கள சேப்பாங்க." "நான்தான் போறேனே சார்." "அட்மிஷன் முடியட்டும். பீரோவுல பத்திரமாத்தான் இருக்குது." பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்தும் நான் நிமிரவில்லை. என் சான்றிதழ்களும் அதே பீரோவில்தான் இருக்கின்றன. சிவப்புப் பேனா தாளில் கீறும் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. சென்னை வேலைக்காக எடுத்த சின்னப் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, அவள் ஸ்கேனரில் கவிழ்த்து வைக்கிறாள். மூடியின் விளிம்பில் பச்சை வெளிச்சம் மெல்ல நகர்கிறது. அந்த வருடம் அட்மிஷன் ஜாஸ்தி. ஏழு வருடம் கழித்து அப்பாதுரை இறந்தார். அவர் மகன் பீரோவைத் திறந்து எல்லோருடைய சான்றிதழ்களையும் திருப்பிக் கொடுத்தார். நானும் உண்ணாமலையும் மறுநாளும் பள்ளிக்குப் போனோம்.