சிறுபோகத்துப் பச்சை

மாத்தளையில் மாலை வகுப்புக்குப் போகும் மர்வா, செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பயிர் வளர்ச்சியை அளக்கும் பாடத்துக்கு, லக்கலயில் இருக்கும் தங்கள் வயலையே எடுத்துக்கொண்டாள். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு வந்த முதல் சிறுபோக நெல் பருவம் அது. வயலில் யாரும் விதைக்கவில்லை. ஆனாலும் படத்தில் அது பச்சையாக இருந்தது.

தன் பிழைதான் என்று நினைத்தாள். இடத்தைச் சரிபார்த்தாள், படங்களை மறுபடி இறக்கினாள், முந்திய ஆண்டுகளோடு ஒப்பிட்டாள். எல்லா ஆண்டும் போலவே இம்முறையும் பக்கத்து வயல்களை விட ஒரு வாரம் பிந்திப் பச்சை ஏறியிருந்தது. வாப்பா மற்றவர்களுக்கு விதைத்துக் கொடுத்த பிறகுதான் தன் வயலில் இறங்குவார்.

வயலை வாங்க வந்தவரைக் கூட்டிக்கொண்டு அவளுக்கு மூத்தவன், அஸ்ஹர் நானா, அன்று அங்கேதான் போயிருந்தான். மர்வா அவனுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, வயல்ல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், வெடிச்ச மண்ணுதான். ஒன்ட சேட்டலைட்டுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடு."

பக்கத்தில் இருந்த உம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விதைக்க ஆளில்லாத வயலை வைத்து என்ன செய்ய, வித்துவிடுவோம் என்று சொன்னவர் அவர்தான். இப்போது போனைக் கையில் வாங்கினார்.

"மகன், வரம்புல ஏறி நில்லு. வந்தவரையும் ஏறச் சொல்லு. பயிர மிதிச்சிராதீங்க."

மறுபக்கம் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அஸ்ஹர் தணிந்த குரலில் சொன்னான்.

"ரெண்டு பேரும் ஏறிட்டோம் உம்மா."